ஏட்டில் இல்லாத பெயர்கள்

நடந்தவை அனைத்தும் வரலாறாகிவிடுவதில்லை. நடந்தவற்றுள் எழுதப்பட்டவையும், எழுதப்பட்டவற்றுள் காக்கப்பட்டவையும், காக்கப்பட்டவற்றுள் கற்றோர் கண்ணிற் பட்டவையுமே வரலாறு என்னும் பெயரைப் பெறுகின்றன. மன்னன் கல்லில் எழுதுவித்தான். வணிகன் கணக்கேட்டில் எழுதினான். ஆட்சியாளன் அறிக்கையாக எழுதினான். எழுதவும் அறியாமல், எழுதுவிக்கும் செல்வமும் பெறாமல் வாழ்ந்து மறைந்தவன் வாழ்வு எங்கே போகிறது? அவன் வாழ்ந்தான் என்பதற்குச் சான்று யாது? அவனைப்பற்றி எழுதும் கடமை எவருக்கு உண்டு? எழுதப் புகுவோனின் உரிமைக்கு எல்லை எது?

நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அம்மாநிலத்துத் தோட்டப் பள்ளிகளிலேயே முப்பதாண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மேற்கண்ட வினாக்களுள் கடமை பற்றியதை எனக்குக் கற்பித்தது ஒரு பேராசிரியரின் நூல். உரிமையின் எல்லை பற்றியதைக் கற்பித்தது ஒரு மூதாட்டியின் மௌனம். இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேராசிரியரும் அவர் ஆய்வும்

பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் 1930ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலண்டனிலும் பயின்றவர். ஒல்லாந்தரின் மொழியைக் கற்று, அவர்களுடைய கிழக்கிந்தியக் கும்பினியின் பழைய ஏடுகளை ஆராய்ந்து, இலங்கையில் 1658 முதல் 1687 வரை நிலவிய ஒல்லாந்தர் அதிகாரத்தைப்பற்றி அவர் எழுதிய நூல் 1958இல் வெளிவந்தது. 1961இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்திற்கு வந்தார். அங்கே வரலாற்றுப் பேராசிரியராக உயர்ந்தார். 1970களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ஆர்மிடேல் நகரிலுள்ள நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, அங்கே நெடுங்காலம் பணியாற்றினார். 1998இல் மறைந்தார்.

அவர் நாட்டம் கொண்ட துறைகளை ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். சோழமண்டலக் கரையின் வணிகர், அக்கரையினின்று மலாக்காவுக்கும் கெடாவுக்கும் கலம் செலுத்திய சூலியா முஸ்லிம்கள், கும்பினியின் முன்பணத்திற் சிக்கிய நெசவாளர், பதினேழாம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடலில் விலைப்பொருளாகக் கடத்தப்பட்ட அடிமைகள், இறுதியாக இந்நாட்டின் இந்தியர் - இவர்களே அவர் ஆய்வின் மாந்தர். மன்னர்களை அவர் தேடிச் செல்லவில்லை. கடல் கடந்தவர்களையும் கடலால் வாழ்ந்தவர்களையுமே தேடினார். 'மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியர்' என்னும் பொருளில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1970இல் வெளிவந்து, 1979இல் திருத்திய பதிப்பும் கண்டது. அதற்கு முன்னரே, 1966இல், 1930 முதல் 1955 வரை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியரிடையே எழுந்த சமுதாயச் சீர்திருத்த முயற்சிகளை ஒரு தனிக் கட்டுரையில் ஆராய்ந்திருந்தார்.

அவர் கோலாலம்பூரில் கற்பித்த காலம் நாடு விடுதலை பெற்றதை அடுத்த பத்தாண்டு என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். அதுவரை இப்பகுதியின் வரலாறு பெரும்பாலும் ஐரோப்பியர் வருகையின் வரலாறாகவே எழுதப்பட்டிருந்தது. ஆசியாவைக் கப்பல் தளத்தில் நின்றும் கோட்டை மதிலில் நின்றும் பார்க்கும் பார்வை தவறானது என்று, 1942இல் சாவகக் கடற்போரில் இளமையிலேயே உயிரிழந்த வான் லேயர் என்னும் ஒல்லாந்த அறிஞர் முன்னரே சுட்டிக்காட்டியிருந்தார். விடுதலைக்குப் பின் பல்கலைக்கழக வகுப்பறைகளில் இக்கருத்து வேர்கொண்டது. கரையில் நிற்பவன் கண்ணால் கப்பலைப் பார்க்கவேண்டும் என்பது புதிய பாடமாயிற்று. இதனை நம் சூழலுக்கேற்பச் சொல்வதாயின், துரை பங்களாவின் தாழ்வாரத்திலிருந்து தோட்டத்தைப் பார்த்தது போதும்; லயத்து வாசலில் நின்று பங்களாவைப் பார்க்கவேண்டும் என்று சொல்லலாம்.

ஆனால் இங்கே ஒரு பெரும் இடர்ப்பாடு எழுகின்றது. லயத்தில் வாழ்ந்தவன் ஏடு எழுதவில்லையே! சான்றுகள் அனைத்தும் பங்களாவில் எழுதப்பட்டவை அன்றோ?

பகைவன் ஏட்டில் நம் சான்று

இவ்விடர்ப்பாட்டைப் பேராசிரியர் கடந்த வகை நாம் கற்கத்தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழமண்டலக் கரையின் நெசவாளரைப்பற்றி நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கும்பினியார் எழுதிய கடிதங்களும் கணக்குகளுமே. நெசவாளர் குறித்த காலத்தில் துணி தரவில்லை என்றும், முன்பணம் பெற்றுக்கொண்டு பிறருக்கு விற்றனர் என்றும், ஊரைவிட்டே பெயர்ந்து போயினர் என்றும் கும்பினியின் எழுத்தன் முறையிடுகின்றான். அவனுக்கு அது குற்றச்சாட்டு. வரலாற்றறிஞனுக்கோ அதுவே நெசவாளனின் எதிர்ப்புக்குச் சான்று. தறியைத் துறந்து வேற்றூர் செல்லுதல், எழுத்தறியா மக்கள் எழுதிய மறுப்புக் கடிதமாகும். எழுதியவன் நோக்கத்தை ஒதுக்கி, எழுத்தில் அவனையறியாமல் விழுந்த நிழலைப் படிக்கும் கலை இது.

இக்கலையைக் கையிற் கொண்டு நம் தோட்டங்களின் ஏடுகளைப் பார்ப்போம். சுங்கை ஊஜோங் என வழங்கிய சிரம்பான் வட்டாரத்தில் ரப்பருக்கு முன்னரே காப்பித் தோட்டங்கள் இருந்தன. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இரயில் பாதை 1891இல் திறக்கப்பட்டது. ரப்பரின் விலை உயர்ந்த இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாபு, சிலியாவ், ரந்தாவ், லிங்கி, பகாவ் ஆகிய ஊர்களைச் சுற்றிக் காடுகள் அழிந்து பால்மரங்கள் நிரைநிரையாய் எழுந்தன. அம்மரங்களை நட்டவர் யார்? 1910இல் தடை செய்யப்படும்வரை சஞ்சிக் கூலிகளாக ஒப்பந்தத்தில் கட்டுண்டு வந்தவர்கள். கங்காணிகள் ஊர்தோறும் சென்று திரட்டி வந்தவர்கள். 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதியின் செலவிற் கப்பலேறி வந்தவர்கள். 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும்வரை அவ்வரவு நிற்கவில்லை.

அவர்களைப்பற்றித் தோட்டத்தில் எழுதப்பட்ட ஏடு ஒன்று உண்டு. அது செக்ரோல் எனப்படும் வருகைப் பதிவேடு. வைகறையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்படும். வந்தவருக்கு ஒரு கோடு. வராதவருக்கு ஒரு வெற்றிடம். இவ்வேடு தொழிலாளியின் வாழ்வைப் பதியும் பொருட்டு எழுதப்பட்டதன்று. கூலியைக் கணக்கிடவும், கங்காணிக்கு ஆள்வீதம் சேரவேண்டிய தலைக்காசைக் கணக்கிடவும் எழுதப்பட்டது. ஒரு தாய் தன் குழந்தையைப் புதைத்த நாள் அவ்வேட்டில் ஒரு வெற்றிடம். அவள் மீண்டும் உளியெடுத்து மரத்தடிக்குச் சென்ற நாள் ஒரு கோடு. அவ்விரண்டிற்கும் இடையே எத்தனை வெற்றிடங்கள் என்று எண்ணினால், அவள் அழுவதற்கு எத்தனை நாள் இடம் கிடைத்தது என்பது தெரியும். கிராணியார் அதனை எழுத நினைத்தாரல்லர், எனினும் எழுதிவிட்டார்.

சட்டங்களும் இவ்வாறே இருமுகம் காட்டுவன. பத்துக்கு மேற்பட்ட பள்ளிவயதுப் பிள்ளைகள் உள்ள தோட்டங்களில் பள்ளி நடத்தவேண்டும் என்று 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் வகை செய்தது. இதனை அருட்கொடை எனப் போற்றுவோர் உண்டு. ஆயினும் குடும்பத்தோடு வந்தவர் ஓடிப்போகமாட்டார். பிள்ளை பள்ளியில் இருந்தால் தாய் நிரையில் நிற்பாள் என்னும் கணக்கும் அதனுள் இருந்தது. 1920களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலியாக வரையறுக்கப்பட்டன. அவ்வரையறைக்காக ஆட்சியினரைப் பாராட்டும் அறிக்கைகள் உள்ளன. விலை வீழ்ந்தபோது அக்கூலியே வெட்டப்பட்டதும், 1930 தொடங்கிச் சில ஆண்டுகளில் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வேலையற்றுக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டதும் அவற்றை ஒட்டியே படிக்கப்படவேண்டும்.

சினமும் நடுநிலையும்

ஆசிரியப் பயிற்சி பெற்ற நாள்களில் பேராசிரியரின் நூலை நான் முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ஏமாற்றமே உண்டாயிற்று. என் பாட்டன் பாட்டியரின் துயரைப் பேசும் நூலில் கண்ணீரும் இல்லை, சினமும் இல்லை. சட்டங்கள், ஆண்டுகள், எண்ணிக்கைகள், காரணங்கள் - இவையே பக்கந்தோறும் நின்றன. இவர் யாழ்ப்பாணத்தார், நம் துயர் இவருக்கு எங்ஙனம் தெரியும் என்றுகூட அன்று எண்ணினேன். அக்காலத்துத் தோட்டங்களில் அவ்வெண்ணம் அரிதன்று. இலங்கைத் தமிழர் இந்நாட்டில் இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் தோட்ட அலுவலகங்களிலும் பணிபுரிந்தவர்கள். மொழி ஒன்றாயினும், கிராணியாரின் மேசைக்கும் பெரட்டுக்களத்திற்கும் இடையே இருந்த தூரம் சிறிதன்று.

ஆண்டுகள் சென்றபின் அதே நூலை மீண்டும் படித்தேன். அப்போதுதான் அவ்வடக்கத்தின் பொருள் விளங்கிற்று. சினந்து எழுதப்பட்டதை, சினம் கொண்டவன் மட்டுமே ஏற்பான். பகைவனும் மறுக்கமுடியாதபடி எழுதப்பட்டதே வழக்கு மன்றத்தில் நிற்கும். சினம் கொள்ளும் உரிமை படிப்பவனுக்கு உரியது. அவன் சினத்துக்கு அடிநிலையாகும் உண்மையை அசையாமல் நிறுத்துவதே எழுதுவோன் கடமை. அடுத்த வீட்டுக்காரன் நம் வீட்டுத் துயரை அளந்து எழுதியதால் அது குறைந்துவிடவில்லை, பிறர் நம்பத்தக்கதாயிற்று.

அக்காலத்திலேயே மற்றொரு பேராசிரியரின் ஆய்வும் இதனை மெய்ப்பித்தது. 1950களில் ஐரோப்பியர் பலர் தோட்டங்களை விற்றுச் செல்ல, வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். தொழிலாளர் பலர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அசிஸ் அத்துண்டாடலை ஆராய்ந்து, அதன் விளைவுகளை 1960களின் தொடக்கத்தில் எண்களோடு முன்வைத்தார். துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் தம் பணத்தாலேயே தோட்டம் வாங்கலாம் என்று காட்டிற்று. மேடையில் எழுந்த கண்ணீருரைகள் மறக்கப்பட்டன. அளந்து எழுதியதும் சேர்த்து வாங்கியதும் நின்றன.

நடுநிலைக்கு மற்றொரு விலையும் உண்டு. நம் குறைகளையும் நாமே எழுதவேண்டும் என்பதே அவ்விலை. தலைக்காசுக்காகத் தன் ஊராரையே கடனிற் பிணித்த கங்காணி நம்மவனே. கப்பலேறியும் கரையாத சாதியை லயத்து வரிசைகளில் குடியேற்றியவர் நம்மவரே. சம்பள நாளின் கூலி கள்ளுக்கடையிற் கரைந்ததும், அன்றிரவு அடிபட்டவள் மறுநாள் வைகறையில் பெரட்டுக்கு வந்து நின்றதும் துரை செய்த செயல்கள் அல்ல. சமமாகப் பால்வெட்டிய பெண் பத்துக் காசு குறைவாகப் பெற்றதை நம் ஆடவர் எத்தனை பேர் அநீதி என்று எண்ணினர்? 1929இல் பெரியார் மலாயா வந்ததும், அதன்பின் சீர்திருத்தச் சங்கங்கள் தோன்றியதும், மதுவிலக்குப் பேசப்பட்டதும் இக்குறைகள் இருந்தமையால் அன்றோ?

இதற்கு மாறாக, நம் மேடைகள் விரும்புவது கடாரத்தை. முதலாம் இராசேந்திரனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் கடாரம் வென்றதைச் சொல்லும்போது கைதட்டல் எழுகின்றது. சொல்லத்தக்கதே, பெருமை கொள்ளத்தக்கதே. ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்த படைத்தலைவனை அறிந்த மாணவன், எண்பது ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணில் மரம் நட்ட தன் கொள்ளுப்பாட்டியின் பெயரை அறியாமல் இருப்பானாயின், அவன் கற்றது வரலாறு ஆகுமா?

என் பிழை

இவ்வெண்ணம் முற்றிய காலத்தில்தான் நான் ஒரு பிழை செய்தேன். அதனை இங்கே மறைக்காமல் எழுதுவது என் கடன்.

1984ஆம் ஆண்டு. போர்ட்டிக்சன் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்து வந்தேன். 'என் தாத்தா பாட்டியின் கதை' என்னும் தலைப்பில் மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் நான்கைந்து வரிகளோடு நிறுத்தினர். ஒரு மாணவி மட்டும் ஆறு பக்கம் எழுதி வந்தாள். இரவில் பாட்டியின் அருகே படுத்துக்கொண்டு கேட்டதை அப்படியே எழுதியிருந்தாள்.

ஜப்பானியர் ஆட்சியில், 1943இல், அம்மூதாட்டியின் கணவரைச் சயாமுக்கு இரயில் பாதை போட லாரியில் ஏற்றிச் சென்றனர். அப்போது அவருக்குக் கைக்குழந்தை ஒன்று. கணவர் திரும்பவில்லை. போர் முடிந்தபின் அதே தோட்டத்திலிருந்து சென்ற மற்றொருவர் எலும்புந்தோலுமாய்த் திரும்பி வந்து இறப்புச் செய்தியைச் சொன்னார். சில ஆண்டுகளில் செய்தி கொண்டுவந்தவருடனேயே அவர் வாழத் தொடங்கினார். மேலும் பிள்ளைகள் பிறந்தன. மூத்த மகன் அவரையே தன் தந்தை என்று எண்ணி வளர்ந்தார். வீட்டில் அதுபற்றி எவரும் பேசியதில்லை.

அக்கட்டுரையைப் படித்தபோது என் உள்ளம் துள்ளிற்று. இதோ சான்று! பேராசிரியர்கள் ஏடுகளில் தேடுவது என் மாணவியின் கோடிட்ட தாளில் வந்து விழுந்திருக்கின்றது! எழுத்துப் பிழைகளைத் திருத்தி, அவ்வாண்டின் பள்ளி மலரில் பெயரோடு அச்சிட்டேன். பாராட்டும் பெற்றேன்.

மலர் தோட்டத்தில் வீடு வீடாகச் சென்றது. நாற்பது வயதைக் கடந்த மூத்த மகன், தாம் யாருடைய மகன் என்பதைத் தம் அண்ணன் மகளின் வயதொத்த ஒரு சிறுமியின் கட்டுரையில் படிக்கவில்லை. தம் சொந்த மகளின் கட்டுரையிலேயே படித்தார். அவ்வீட்டில் எழுந்த பூசலை நான் விவரிக்கப்போவதில்லை. சில நாள் கழித்து மூதாட்டி பள்ளிக்கு வந்தார். ஏசுவார் என எதிர்பார்த்தேன். அவர் ஏசவில்லை.

"வாத்தியாரய்யா, எம் புருசன் செத்தத நாப்பது வருசமா நானே சொமந்தேன். எறக்கி வையின்னு நீங்க ஒரு நாளாச்சும் வந்து கேட்டிருந்தா, நானே சொல்லியிருப்பேனே."

இவ்வளவே சொன்னார். திரும்பிச் சென்றுவிட்டார். அதன்பின் சயாம் பற்றி எவரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. சில ஆண்டுகளில் மறைந்தும் போனார். அவர் இறந்தபின் அம்மாணவி என்னிடம் சொன்ன செய்தி இன்றளவும் என்னை வருத்துகின்றது. அந்த லாரியில் ஏறிய அனைவரின் பெயரும், அவரவர் சொந்த ஊரும் பாட்டிக்கு மனப்பாடமாம். இரவில் விளக்கணைத்தபின் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருப்பாராம். சிறுமி அப்பெயர்களைக் கதைக்கு வேண்டாதவை எனக் கருதி எழுதாமல் விட்டிருந்தாள். நான் அவற்றைக் கேட்டு எழுதும் உரிமையை இழந்திருந்தேன்.

அப்பெயர்கள் எத்தகைய செல்வம் என்பதை எண்ணிப் பாருங்கள். சயாம் - பர்மா இரயில் பாதை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுடையது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் எனவும், அவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர் எனவும் கூறப்படுகின்றது. பேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் மடிந்தவர் பல்லாயிரவர். அதே பாதையில் உயிரிழந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டு, புல்வெளி பேணப்பட்டு, அவை வரிசையாக நிற்கின்றன. நம்மவருக்கு அவ்வாறு ஆளுக்கொரு பெயர்க்கல் இல்லை. படை அவர்கள் பெயரை எழுதி வைத்திருந்தது. நம்மவர் பெயர் எந்த ஏட்டிலும் முழுமையாக எழுதப்படவில்லை. வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டி, அவன் பெயரையும் அவன் செய்த செயலையும் கல்லிற் பொறித்த இனம் நம் இனம். ஒரு லாரியளவு பெயர்கள் ஒரு மூதாட்டியின் நெஞ்சில் கல்வெட்டாக இருந்தன. என் அவசரம் அக்கல்வெட்டை மண்ணில் புதைத்துவிட்டது.

உண்மை எவருக்கு உரியது?

இங்கேதான் அறவியல் வினா எழுகின்றது. நான் அச்சிட்டதில் பொய் ஏதும் இல்லை. உண்மையைச் சொன்னது எவ்வாறு பிழையாகும்?

சயாமில் மடிந்தோரின் கதை ஒரு குடும்பத்தின் உடைமையன்று. அது சமுதாயத்தின் உடைமை என்று ஒரு சாரார் வாதிக்கலாம். ஒவ்வொரு குடும்பமும் நாணத்தாலோ அச்சத்தாலோ வாய்மூடினால், கொடுமை இழைத்தவரே பயன்பெறுவர். அடிபட்டவனின் மௌனம் அடித்தவனுக்கு அரண். இவ்வாதத்தில் வலுவுண்டு. மற்றொரு சாராரோ, துயரம் துய்த்தவர்க்கே உரியது. அதை எடுத்துப் பேசப் பிறர்க்கு உரிமையில்லை என்பர். இதிலும் உண்மையுண்டு. ஆயின் இதனை முற்றாக ஏற்றால் வரலாறே எழுத முடியாது.

இரண்டையும் நெடுநாள் எண்ணியபின் நான் கண்ட முடிபு இது. நிகழ்ச்சி வேறு; புண் வேறு. இன்ன ஆண்டில் இத்தோட்டத்திலிருந்து மக்கள் சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், பலர் திரும்பவில்லை என்பது நிகழ்ச்சி. அது அனைவர்க்கும் உரியது. அதை மறைக்க எவருக்கும் உரிமையில்லை. கணவனை இழந்த பெண் எவ்வாறு உயிர்தரித்தாள், எவரோடு வாழ்ந்தாள், பிள்ளைக்கு எதனைச் சொல்லாமல் வைத்தாள் என்பது புண். அது அவளுக்கு உரியது. அவள் காட்டினால் காணலாம். காட்டாதவரை கட்டைப் பிரிக்கலாகாது.

'கேட்டுக்கொண்டே இருந்தால், மறுக்கப்பட்டுக்கொண்டே இருப்போமே. அதற்குள் அறிந்தோர் இறந்துபோவரே' என்று மாணவர்கள் வினவலாம். நியாயமான வினா. ஆனால் என் பட்டறிவு வேறாக உள்ளது. அம்மூதாட்டி மறுக்கவில்லை, அவர் கேட்கப்படவே இல்லை. அவர் சொன்ன சொற்களை மீண்டும் நினைத்துப் பாருங்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்பதே அவர் முறையீடு. ஊரைவிட்டுக் கிளம்பியபோது அவர் தலைமுறையினரிடம் எவரும் முழு உண்மையைச் சொல்லிச் சம்மதம் கேட்டாரில்லை. நிரை மாற்றியபோதும், கூலி குறைத்தபோதும், லாரியில் ஏற்றியபோதும், தோட்டத்தை விற்றபோதும் எவரும் கேட்டாரில்லை. கேட்கப்படாமையே அவர்கள் வாழ்வின் நீண்ட துயரம். அவர்கள் வரலாற்றை எழுத வந்த நானும் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். நோக்கம் வேறாயினும் செயலில் நான் அவர்களோடு சேர்ந்துவிட்டேன். ஆகவே, 'சொல்லலாமா?' என்று கேட்பது வரலாற்றாசிரியனின் வெறும் மரியாதையன்று. அதுவே அம்மக்களுக்குச் செலுத்தும் முதல் ஈடு.

பேராசிரியர் அரசரத்தினம் ஆராய்ந்த நெசவாளரும் அடிமைகளும் இரு நூற்றாண்டுகட்கும் முன்னரே மாய்ந்தவர்கள். அவர்களிடம் சம்மதம் கேட்க வழியில்லை. அத்தகையோர்க்கு எழுதுவோன் செலுத்தவேண்டியது அளவு. சான்று சொல்வதற்கு மேல் ஒரு சொல்லும் அவர்கள் வாயில் திணியாமை. அவர் நூல்களில் நான் கண்ட அடக்கம் அதுவேயாம். உயிரோடு இருப்பவர்க்குச் செலுத்தவேண்டியது அளவோடு அனுமதி. இறந்தோரிடம் அளவு, இருப்போரிடம் அனுமதி - இவ்விரண்டையும் காப்பவனே வரலாற்றை அறத்தோடு எழுதுபவன் ஆவான்.

ஆசிரியர் செய்யத்தக்கது

இன்று நெகிரி செம்பிலானின் தோட்டங்கள் பலவற்றில் ரப்பர் போய்ச் செம்பனை நிற்கின்றது. நீலாய், சிரம்பான் சுற்றுவட்டாரங்களில் தோட்ட நிலங்கள் புதுநகர்களாகிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன, ஆயாக்கொட்டகைகளும் பால்கொட்டகைகளும் மறைந்தன. சில இடங்களில் தோட்டம் போய்விட்டது. தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டத்தின் பெயர் எஞ்சியுள்ளது. அப்பலகையின்கீழ் நுழையும் மாணவனுக்கு அது வெறும் ஒலி. அவ்வொலிக்குப் பொருள் கற்பிக்கவேண்டியவர் ஆசிரியரே.

பல்கலைக்கழகம் ஆராயட்டும் என்று நாம் காத்திருக்கலாகாது. பேராசிரியர் ஆவணத்தில் தேடுவதை நாம் வகுப்பறையிலிருந்தே தேடலாம். மாணவனை முதியோரிடம் அனுப்புங்கள். ஆனால் முதலில் அனுமதி கேட்கக் கற்பித்து அனுப்புங்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னவாறே எழுதச் சொல்லுங்கள். நம் இலக்கணத்தால் அவர்கள் பேச்சைக் கழுவவேண்டா. கதைக்கு வேண்டாதவை எனத் தோன்றும் பெயர்களையும் ஊர்களையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் சொன்னவரிடமே படித்துக் காட்டச் சொல்லுங்கள். 'இதை எடுத்துவிடு' என்று அவர் சொன்னால் எடுத்துவிடுங்கள். அவர் சொன்னதில் பெருமையில்லாத பகுதி இருந்து, அதை வைத்திருக்க அவர் இசைந்தால், அதனை மூடி மறையாதீர்கள்.

அம்மூதாட்டியின் பேத்தி இன்று ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. சென்ற ஆண்டு அவர் வகுப்பு மாணவர்கள் தொகுத்த சிறு கையெழுத்தேடு ஒன்றை எனக்குக் காட்டினார். முதற்பக்கத்தில் கட்டுரை எதுவும் இல்லை. தோட்டத்து முதியோர் நினைவிலிருந்து சொன்ன பெயர்கள் மட்டும், ஒன்றன்கீழ் ஒன்றாக, எதிரே அவரவர் ஊரோடு எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சொன்னவரின் கையொப்பமோ கைநாட்டோ இருந்தது. அந்த லாரியில் சென்றவர்களின் பெயர்கள் அதில் உள்ளனவா என்று கேட்டேன். மூன்று பெயர்கள் கிடைத்தன என்றார்.